மகள் படிக்கும் இளவரசி கதையை அம்மா படித்தால்...



"இந்த வயசுல உனக்கு இளவரசி கதை கேக்குதா?" என்று யாராவது கேட்டால், "ஆமாம், கேக்குது" என்றுதான் சொல்வேன். எனக்கு வயது 37. மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவள் நூலகத்தில் எடுத்து வந்த 'தி பிரின்சஸ் டைரீஸ்' என்ற ஆங்கிலக் கதையை நானும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து முடித்தேன். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண் பிள்ளைகளுக்காக எழுதிய கதை. காதல் இருக்கிறது, கிரீடம் இருக்கிறது, வயிறு குலுங்கச் சிரிக்க நிறைய இடம் இருக்கிறது.

இதைப் போய் ஒரு கடிதமாக எழுதுவானேன் என்று தோன்றலாம். விஷயம் இருக்கிறது. நம் வீடுகளில் வயசுக்கு வந்த பெண் கையில் பாடப் புத்தகம் தவிர வேறு புத்தகம் இருந்தால் உடனே விசாரணை ஆரம்பமாகி விடும். எங்கள் வீட்டிலும் ஆனது. ஊரிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் அட்டையில் இருந்த கிரீடத்தைப் பார்த்துவிட்டு, "லவ் கதை போலிருக்கே அண்ணி. அடுத்த வருஷம் பத்தாவது. வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டுங்க" என்றாள். மகள் முகம் சுருங்கிப் போனது. "பூட்டுறது பெரிய வேலை இல்ல. உள்ள என்ன இருக்குன்னு நான் முதல்ல பார்த்துக்கறேன்" என்று சொல்லிப் புத்தகத்தை நான் எடுத்துக்கொண்டேன். இதற்கு இரண்டு மாதம் ஆனது!

நான் பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவள். ஆங்கிலப் புத்தகமா என்று யாரும் மலைக்க வேண்டாம். முழுக் கதையும் ஒரு பள்ளிக்கூடப் பெண் எழுதும் டைரி. ஒரு நாளைக்கு நாலு பக்கம், ஒரு நாளைக்கு நாலே வரி, நடுவில் அல்ஜீப்ரா வீட்டுப்பாடம் என்று இருப்பதால் வாக்கியங்கள் சின்னச் சின்னதாக இருக்கின்றன. சாப்பாட்டுக் கடை முடிந்து பாத்திரம் கழுவி வைத்த பிறகு தினம் பத்துப் பக்கம் படிப்பேன். புரியாத வார்த்தையைக் கோடு போடாமல் (நூலகப் புத்தகமாயிற்றே!) ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்து மறுநாள் மகளிடம் கேட்பேன். அவளுக்கு அதில் ரொம்பப் பெருமை.

எழுதியவர் மெக் கேபட் என்ற அமெரிக்கப் பெண்மணி. முதல் புத்தகம் 2000-ல் வந்தது. அடுத்த வருஷமே, 2001-ல், டிஸ்னி கம்பெனி படமாக எடுத்தது. ஆன் ஹாதவேக்கு அதுதான் முதல் படம். பாட்டி ராணியாக நடித்தவர் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தின் ஜூலி ஆண்ட்ரூஸ்.

கதை இதுதான். நியூயார்க் நகரத்தில் ஓவியம் வரையும் அம்மாவோடு வாழ்கிறாள் மியா. வயது 14, ஒன்பதாம் வகுப்பு. (என் மகளுக்கும் அதே வயது, அதே வகுப்பு. அதனால்தான் அவளுக்கு இந்தப் பைத்தியம்.) நெட்டையாக வளர்ந்து விட்டோம், அழகில்லை, அல்ஜீப்ரா வரவில்லை என்று மூன்று கவலை அவளுக்கு. அப்பா ஐரோப்பாவில் ஏதோ அரசியல்வாதி என்று நினைத்துக் கொண்டிருக்கிறாள். ஒருநாள் அப்பா வந்து, நான் ஜெனோவியா என்ற குட்டி நாட்டின் இளவரசர், எனக்குப் பிறகு நீதான் வாரிசு என்கிறார். ஜெனோவியாவை உலக வரைபடத்தில் தேடாதீர்கள், கற்பனை நாடு. பிரான்சுக்கும் இத்தாலிக்கும் நடுவில் ஆசிரியை தானே உண்டாக்கி வைத்தது.

இங்கேதான் சின்னவர்கள் படிப்பதும் நாம் படிப்பதும் பிரிகிறது. என் மகள் "இளவரசின்னு தெரிஞ்சதும் அவ அழுறாம்மா, லூசு!" என்று சிரித்தாள். நான் அந்த அப்பாவைப் பார்த்தேன். அவர் ஏன் இத்தனை வருஷம் சொல்லாமல் இப்போது சொல்கிறார்? ஆண்களுக்கு வருகிற ஒரு வகைப் புற்றுநோய் அவருக்கு வந்து, வைத்தியத்தில் முடியெல்லாம் கொட்டி, இனிமேல் குழந்தை பிறக்காது என்று ஆகிவிட்டது. வேறு பிள்ளை பிறந்திருந்தால் மியாவை அவள் பாட்டுக்கு விட்டிருப்பார். பெரிய ஓட்டலில் மகளை எதிரே உட்கார வைத்து இதை எப்படிச் சொல்வது என்று தடுமாறுகிறார். ஆசிரியை அதை வேடிக்கையாகத்தான் எழுதியிருக்கிறார். மகள் எழுந்து ஓடிப் போய், மிருகக்காட்சி சாலையில் பென்குயின்கள் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து டைரி எழுதுகிறாள். எனக்கு அந்த மனுஷன் மேஜையில் தனியாக இருப்பது மட்டும்தான் கண்ணில் நின்றது. புத்தகத்தில் அவரைப் பற்றி அதற்கு மேல் அதிகம் இல்லை. மகள் எழுதும் டைரியில் அப்பாவின் கஷ்டத்துக்கு எவ்வளவு இடம் கிடைக்கும்? ஒரு ஓரம் கிடைத்ததே பெரிது.

படத்தில் இந்த அப்பா இறந்து போனதாக மாற்றி விட்டார்கள். ஊரும் சான்பிரான்சிஸ்கோ. எனக்குப் புத்தகம்தான் பிடித்தது.

இனி பாட்டியம்மா. கிராண்ட்மேர் என்று கூப்பிடுகிறார்கள், பிரெஞ்சில் பாட்டி என்று அர்த்தமாம். படத்தில் வருகிற பாட்டி தங்கமான மனுஷி. புத்தகத்துப் பாட்டி அப்படியில்லை. சிகரெட் பிடிப்பாள், மது குடிப்பாள், கண் மை தினம் தீட்டச் சோம்பல்பட்டு இமையில் பச்சை குத்திக் கொண்டவள். இவளிடம் மியா தினம் பள்ளி விட்டதும் இளவரசிப் பாடம் படிக்க வேண்டும். எப்படி உட்காருவது, எப்படி நடப்பது, பாவாடை விலகாமல் காரிலிருந்து எப்படி இறங்குவது, சூப்பை எப்படிக் குடிப்பது, யாரிடம் எவ்வளவு சிரிப்பது! மகள் இதையெல்லாம் படித்து விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் இதில் புதுசு என்ன இருக்கிறது சகோதரிகளே? கால் மேல் கால் போடாதே, சத்தமாகச் சிரிக்காதே, வாசலில் நிற்காதே, குனிஞ்சு கோலம் போடும்போது தாவணியை இழுத்துச் செருகு என்று எங்கள் அப்பத்தா எனக்கு நடத்திய பாடம்தான். கிரீடம் கிடையாது, சம்பளம் கிடையாது. மியாவுக்காவது கூலி உண்டு. அவள் பாடத்துக்குப் போக வேண்டுமானால் ஒரு நாளைக்கு 100 டாலர் அவள் பெயரில் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்புக்கு அப்பா கொடுக்க வேண்டும் என்று பேரம் பேசி விடுகிறாள். கெட்டிக்காரி!

இந்தப் பாட்டி மேல் எனக்குக் கோபமும் வந்தது, ஒரு விஷயத்தில் மதிப்பும் வந்தது. கோபம், முடியை வெட்டிய இடத்தில். அழகு நிலையக்காரரை வரவழைத்துப் பெண்ணின் முடியைக் குட்டையாக வெட்டி, வெள்ளைக்காரப் பொன் நிறத்தில் சாயமும் அடிக்க வைத்து விடுகிறாள். மியா கண்ணாடியில் பார்த்துவிட்டு, இது யார் என்கிற மாதிரி நிற்கிறாள். உயிர்த் தோழியே சண்டை போடுகிறாள். படத்தில் இதே கட்டத்தைப் பாட்டுப் போட்டு, கண்ணாடியைக் கழற்றி, சுருட்டை முடியை நீட்டி, புருவத்தை மெலிசாக்கி, "ஆகா, அழகி ஆகிவிட்டாள்" என்று காட்டி விடுகிறார்கள். என் மகளுக்கும் சுருட்டை முடிதான். படம் பார்த்த மறுநாள், "முடியை ஸ்ட்ரெயிட் பண்ணிக்கட்டுமா?" என்று கேட்டாள். புத்தகத்தை எடுத்து, மியா அழுகிற பக்கத்தை அவளிடமே வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். பிறகு, "இருந்தாலும் கேட்டேன்" என்றாள். இன்னும் முடிவாகவில்லை.

மதிப்பு வந்த விஷயம் இது. நீ மதிக்கும் பத்துப் பெண்கள் யார் என்று எழுதி வா, என்று ஒருநாள் பாட்டி வீட்டுப்பாடம் கொடுக்கிறாள். மியா எழுதும் பட்டியலில் அவள் அம்மாவும் உண்டு. நான் சும்மா இருப்பேனா? என் மகளையும் எழுதச் சொன்னேன். விளையாட்டு டீச்சர், கல்பனா சாவ்லா, அப்பத்தா, ஒரு பாடகி என்று போய், எனக்கு ஏழாவது இடம். "ஏழா?" என்றேன். "மரியாதை வரிசை இல்லம்மா, ஞாபகம் வந்த வரிசை" என்றாள். உங்கள் வீட்டிலும் முயன்று பாருங்கள், சுவாரசியமாக இருக்கும். இடம் எத்தனையாவது என்று மட்டும் கேட்காதீர்கள்!

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன், இல்லாவிட்டால் என்னை நம்பிப் படித்துவிட்டு நாளைக்குத் திட்டுவீர்கள். மியாவின் அப்பாவும் அம்மாவும் கல்யாணம் செய்து கொள்ளாதவர்கள். அது மட்டுமல்ல, அம்மா இப்போது பழகுவது மியாவுக்கு அல்ஜீப்ரா நடத்தும் வாத்தியாரோடு! ஒருநாள் காலையில் சமையலறைக்கு வந்தால் அவர் அரை டிராயரோடு உட்கார்ந்திருக்கிறார். இந்த இடம் வந்ததும் நாத்தனார் சொன்னது சரிதானோ என்று ஒரு நிமிஷம் நின்றேன். நம் வீட்டுப் பெண்ணுக்கு இது வேண்டுமா?

பிறகு யோசித்தேன். அந்தப் பெண்ணுக்கும் அது பிடிக்கவில்லையே. கூச்சம், கோபம், பள்ளியில் தெரிந்தால் மானம் போய்விடும் என்ற பயம். எல்லாவற்றையும் அவள் டைரியில்தான் கொட்டுகிறாள், அம்மாவிடம் சொல்லவில்லை. அந்த டைரியை வாங்கிக் கொடுத்தவளே அம்மாதான். மகள் எதையோ மனசுக்குள் வைத்துப் பூட்டுகிறாள் என்று தெரிந்து, என்னிடம் சொல்லாவிட்டால் பரவாயில்லை, இதில் எழுது என்று கொடுக்கிறாள். ஆசிரியை மெக் கேபட்டின் அப்பா இறந்த பிறகு, அவர் அம்மா பழக ஆரம்பித்ததும் மகளுக்குப் பாடம் நடத்திய ஆசிரியர் ஒருவரோடுதானாம். அந்தச் சங்கடத்தில் எழுத ஆரம்பித்ததுதான் இந்தக் கதை என்று அவரே சொல்லியிருக்கிறார். இளவரசி விஷயமும் அவருடைய சின்ன வயசு ஆசைதான். "என்னோட நிஜ அப்பா அம்மா ராஜா ராணி, ஒருநாள் வந்து கூட்டிட்டுப் போவாங்க" என்று பெற்றவர்களைப் படுத்தி எடுப்பாராம். நம் ஊரில் தலைகீழ். "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று சொல்லிப் பிள்ளையை அழ வைப்பது நாம்!

இப்படி ஒரு டைரியைப் படிக்கிற வாய்ப்பு நிஜத்தில் எந்த அம்மாவுக்குக் கிடைக்கும்? நம் பெண்ணின் நோட்டைத் திறந்து பார்ப்பது தப்பு. ஆனால் அச்சில் வந்த டைரியைப் படிக்கலாமே. பதினாலு வயசில் ஒரு பெண் கண்ணாடி முன் நின்று தன்னைப் பற்றி என்னென்ன கேவலமாக நினைத்துக் கொள்கிறாள் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. பாதம் பெரிசு, மார்பு இல்லை, யாரும் தன்னைப் பார்க்க மாட்டார்கள் என்று. நானும் அந்த வயசில் இப்படியெல்லாம் நினைத்தவள்தான், ஆனால் மறந்தே போயிருந்தேன். என் மகளும் நினைப்பாள் என்பது இதைப் படித்த பிறகுதான் உறைத்தது. அவள் வாய் திறந்து சொன்னதில்லை. இப்போதும் நேராகச் சொல்வதில்லை. "மியா மாதிரி எங்க கிளாஸ்ல ஒருத்தி இருக்காம்மா" என்று ஆரம்பிக்கிறாள். அந்த ஒருத்தி யார் என்று நான் கேட்பதில்லை.

சரி, காதலுக்கு வருகிறேன். பள்ளியில் எல்லோரும் மயங்கும் அழகன் ஒருவன், ஜோஷ். மியா இளவரசி என்று பேப்பரில் வந்ததும் அவன் அவளை நடன விழாவுக்கு அழைக்கிறான். பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு நிற்கிறபோது சரியாகப் பார்த்து முத்தம் கொடுக்கிறான், தன் படம் பேப்பரில் வருவதற்காக. மியாவுக்குப் புரிந்து விடுகிறது. அழுது விட்டு அவனை விலக்குகிறாள். இன்னொரு பக்கம் தோழியின் அண்ணன் மைக்கேல் இருக்கிறான். அவள் இளவரசி என்று தெரிவதற்கு முன்னாலேயே உட்கார்ந்து அல்ஜீப்ரா சொல்லிக் கொடுத்தவன். மகள் முதல் பாதி முழுக்க ஜோஷ் கட்சி, நான் ஆரம்பத்திலிருந்தே மைக்கேல் கட்சி. "உனக்கு எப்படிம்மா முன்னாடியே தெரிஞ்சுது?" என்று கேட்டாள். கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவனை எந்தக் கதையில் விட்டிருக்கிறார்கள்? ரமணிசந்திரன் நாவல்களைக் கணக்கில்லாமல் படித்த எனக்கு இது தெரியாதா!

கதையில் எனக்குப் பிடித்தது, மியா கிரீடத்தைக் கல்யாணத்தால் பெறவில்லை என்பது. பிறப்பால் வருகிறது, அதையும் வேண்டாம் என்று மல்லுக்கு நிற்கிறாள். பள்ளிப் படிப்பை நியூயார்க்கிலேயே முடிப்பேன், கோடை விடுமுறைக்கு மட்டும் ஜெனோவியா வருவேன் என்று ஒப்பந்தம் பேசித்தான் சம்மதிக்கிறாள். பழைய இளவரசிக் கதைகளில் ராஜகுமாரன் வருவான், கல்யாணம் நடக்கும், கதை முடியும். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று கல்யாணமான நமக்குத்தான் தெரியும்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு டயானா ஞாபகம்தான். பார்பரா கார்ட்லண்ட் என்று 700-க்கும் மேல் புத்தகம் எழுதிய இங்கிலாந்துக் காதல் நாவலாசிரியை இருந்தார். பிரபு, சீமாட்டி, ஏழைப் பெண், கடைசியில் கல்யாணம் என்றே எழுதுவார். பள்ளி வயதில் டயானா அந்த நாவல்களை விரும்பிப் படித்தவர். பின்னால் டயானாவின் அப்பா இரண்டாம் கல்யாணம் செய்து கொண்டது அந்த எழுத்தாளரின் மகளையே. கதை எழுதியவர் உறவு முறையில் பாட்டியாகி விட்டார்! 1981 ஜூலை 29-ல் இளவரசர் சார்லசைக் கைப்பிடித்தபோது டயானாவுக்கு வயது 20, மாப்பிள்ளைக்கு 32. உலகமே டிவியில் பார்த்த கல்யாணம் 1996-ல் விவாகரத்தில் முடிந்தது. 1997 ஆகஸ்ட் 31 அன்று, போட்டோ பிடிப்பவர்கள் காரைத் துரத்த, பாரிசில் விபத்தில் இறந்தார். அப்போது நான் சின்னப் பிள்ளை. பேப்பரில் வந்த படத்தை எங்கள் அம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

'பிரின்சஸ் டைரீஸ்' வந்தது அதற்கு மூன்றே வருஷம் கழித்து. அதிலும் பத்திரிகைக்காரர்கள் பள்ளி வாசலில் காத்துக் கிடக்கிறார்கள், பெண்ணுக்குத் துணையாக லார்ஸ் என்ற மெய்க்காப்பாளன் வகுப்பறை வரை வருகிறான். எல்லாம் சிரிப்பாகத்தான் போகிறது. சிறிசுகள் சிரித்துக் கொண்டே பக்கத்தைத் திருப்பி விடும். டயானாவைத் தெரிந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு கொஞ்சம் தொண்டையில் நிற்கிறது. மகளுக்கு டயானா யார் என்றே தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரி முழுக் கதையும் சொன்னேன். அவள் கேட்ட கேள்வி, "அவங்களுக்கு யாரும் அல்ஜீப்ரா சொல்லித் தரலையா?" என்பது.

குறையும் இருக்கிறது. பணக்கார வாடை கொஞ்சம் தூக்கல். கடைப் பெயர், துணிப் பெயர், ஓட்டல் பெயர் என்று வந்து கொண்டே இருக்கும், பாதி எனக்குப் புரியவில்லை, புரிந்தாலும் பிரயோஜனம் இல்லை. மியா தன்னைப் பற்றிப் புலம்புவது நடுவில் ஐம்பது பக்கம் அதிகம். பெரியவர்களுக்குப் பொறுமை வேண்டும். ஆனால் தனியாக உட்கார்ந்து சாப்பிடும் டீனா என்ற பெண் மேஜைக்கு மியா தானாகப் போய் உட்காருகிற இடம் ஒன்று இருக்கிறது. அந்த டீனாவும் காதல் நாவல் பைத்தியம். அவளுக்காகவே மற்றதைப் பொறுத்துக் கொள்ளலாம்.

நாத்தனாருக்கு என் பதில் இதுதான். பூட்டி வைக்க வேண்டிய புத்தகம் சிலது இருக்கலாம், இது அதில்லை. எதுவானாலும் அட்டையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல், பெரியவர் யாராவது ஒருவர் படித்துவிட்டுச் சொல்லட்டும். ஆங்கிலம் வராதவர்கள் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் காய் நறுக்கிக் கொண்டே கேட்கலாம். "உனக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்ற பேச்சு எங்கள் வீட்டில் இப்போது குறைந்திருக்கிறது. ராத்திரி எட்டரைக்கு மேல் டிவி சத்தமும் குறைந்திருக்கிறது, அதில் என் வீட்டுக்காரருக்குத்தான் வருத்தம்.

2009-ல் பத்தாம் புத்தகத்தோடு மியாவின் பள்ளிக் காலம் முடிகிறதாம். 2015-ல் பெரியவர்களுக்கென்றே 'ராயல் வெட்டிங்' என்று ஒன்று எழுதியிருக்கிறார் ஆசிரியை, அதில் மியாவுக்குக் கல்யாணம். அதற்குள் நான் போக வருஷக் கணக்காகும் போலிருக்கிறது. இரண்டாம் புத்தகத்தை நூலகத்திலிருந்து வேறு யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்ததும் எடுத்து வைக்கும்படி நூலகரிடம் மகள் சொல்லி வைத்திருக்கிறாள், முதலில் யார் படிப்பது என்பதில்தான் இன்னும் தகராறு.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.